தெப்பக்குளம் இருந்த இடத்தில் பெரியாறு

கடுக்காய்த் தண்ணீர் விட்டுக் குழைத்த சுண்ணாம்பின் வாசனை... அந்த வருட நவராத்திரியை நினைத்தால், சாம்பிராணிக்கு முன்னால் எனக்கு வருவது அதுதான்.

நான் பள்ளிக்கூடத்தை விட்டு நின்ற வருடம். வயதுக்கு வந்த பெண் தெருவில் நடக்கக் கூடாது என்று அத்தை சொல்லிவிட்டார். அத்தை என்றால் அய்யாவின் அக்கா. கம்பம் ஊரில் எங்கள் வீட்டுக் கொலுவுக்கு அவர் வைத்ததுதான் சட்டம்.

எனக்கு நாலு பேர் முன்னால் பேச்சே வராது. கொலுவுக்கு வருகிறவர்கள் பாடச் சொன்னால் அடுக்களைக் கதவுக்குப் பின்னால் போய் நின்றுகொள்வேன்.

அப்போது மலைமேல் அணை கட்டுகிற இடத்துக்கு அய்யா பொதிமாட்டில் அரிசியும் புளியும் கொண்டுபோய்க் கொடுத்துக்கொண்டிருந்தார். திரும்பி வந்தால், சாப்பிட்ட இலையிலேயே விரலால் கோடு இழுத்துக் காட்டுவார்.

"இது மலை. இங்கன சுவரு. மலையாளத்துக்கு ஓடுற ஆத்தை மறிச்சு, மலையைக் குடைஞ்சு, நம்ம பக்கம் திருப்பப் போறாக."

கேட்கக் கேட்க எனக்குக் கை துறுதுறுத்தது.

வழக்கமாகக் கொலுப்படிக்குக் கீழே பித்தளைத் தாம்பாளத்தில் தண்ணீர் ஊற்றித் தெப்பக்குளம் வைப்போம். அந்த இடத்தில் ஒரு பலகையைப் போட்டு மலை கட்டினேன். செங்கல் பொடியும் சுண்ணாம்பும் குழைத்துச் சுவர். பின்னால் அடியில் ஓட்டை போட்ட ஒரு கலயம். அதிலிருந்து ஒழுகுவது பெரியாறு. சுரங்கத்துக்குப் பப்பாளி இலைக்காம்பு. காம்பு முடிகிற இடத்தில், நவதானியம் முளைவிட்டிருந்த மண்தட்டு... அதுதான் நம் ஊர்ப்பக்கம். கை ஒடிந்த மரப்பாச்சிகளெல்லாம் கொத்தனார்கள்.

அத்தை சுற்றிச் சுற்றி வந்து பார்த்தார்.

"சாமிக்குக் கீழ சுண்ணாம்புக் காளவாசலா? சரி, வாரவுக பாக்கட்டும். ஒருத்தி சிரிச்சாலும் தூக்கிக் கொல்லையில போட்டுருவேன்."

முதல் நாள் மாலை கூடம் நிறைந்தது. கோம்பையிலிருந்து வந்திருந்த சித்தி, அம்மாவின் தங்கை, குனிந்து பார்த்தார்.

"ஏ மதினி, தண்ணி மேற்காலல்ல போகுது. மலையாளத்துக்காரனுக்குத் தண்ணி விடவா கொலு வச்சிருக்கீக?"

கூடமே சிரித்தது.

சித்தி சொன்னது சரிதான். சுவர் இன்னும் முடியவில்லை, ஆறு நடுவில் விட்ட திறப்பு வழியாகத்தான் போகிறது என்று அய்யா சொல்லியிருந்தார். நானும் அப்படியே திறப்பு விட்டுக் கட்டியிருந்தேன். உள்ளதை உள்ளபடி செய்ய வேண்டும் என்று மட்டும்தான் எனக்குத் தோன்றியிருந்தது.

அத்தை பலகையைத் தூக்கக் குனிந்தார்.

"அத்தை, நில்லுங்க."

யார் சொன்னது என்று எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். சொன்னது நான்தான்.

கதவுக்குப் பின்னாலிருந்து வந்தேன். மீந்திருந்த கலவையை ஒரு கை அள்ளி, திறப்பில் அப்பி, உள்ளங்கையால் அழுத்திப் பிடித்தேன்.

ஆறு நின்றது. தேங்கியது. மெல்ல ஏறியது...

"சுவரு தாங்காது புள்ள" என்றார் சித்தி.

தாங்கியது.

காம்பின் வாய் வரை ஏறிய தண்ணீர் அங்கே கொஞ்சம் தயங்கியது. பிறகு மலைக்குள் புகுந்து, இந்தப் பக்கம் ஒரு சொட்டாக எட்டிப் பார்த்து, நூலாக இறங்கி முளைகள் மேல் ஓடியது.

"இப்படித்தான் வரும்" என்றேன், கையை எடுக்காமல். "முதல்ல கூடலூரு. பெறகு நம்ம கம்பம். பெறகு கீழ எல்லா ஊருக்கும்."

வாசலில் ராயப்பன்பட்டி சவரியம்மா நின்றிருந்தார். அவருடைய கணவர் மலையில் கொத்தனார். ஏதாவது சேதி உண்டா என்று அய்யாவிடம் கேட்க வந்தவர், சத்தம் கேட்டு எட்டிப் பார்த்திருக்கிறார்.

"ஆத்தா, எங்க வீட்டுக்காரரு எங்கன நிக்காக?"

சுவர் உச்சியில் இருந்த மரப்பாச்சியைக் காட்டினேன். கிட்டே வந்து பார்த்தார்.

"நல்ல உசரத்துலதான் நிக்காக" என்றார். கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார்.

அத்தை அடுக்களைக்குப் போனார். சுண்டல் பாத்திரத்தைக் கொண்டுவந்து, படியில் இருந்த சாமிக்குக் காட்டினார். பிறகு குனிந்து, என் அணைக்கும் காட்டினார்.

இப்போது நிஜமாகவே தண்ணீர் வந்துவிட்டது. "அக்கா வீட்டுக்கு வந்த பெறகுதான எங்க வயலுக்கு வந்துச்சு" என்று சித்தி எல்லோரிடமும் சொல்கிறார். சவரியம்மாவின் வீட்டுக்காரர் இறங்கி வந்துவிட்டார். கொத்தனாருக்குக் கை இல்லாமல் எப்படி என்று என்னிடம் சண்டை போட்டு, அந்த மரப்பாச்சிக்கு அவரே கை செதுக்கி ஒட்டிக் கொடுத்தார்.

எங்கள் தெருவில் இன்று தெப்பக்குளம் வைக்கிற கொலுவே இல்லை. எல்லாம் அணைதான். நான் கட்டிய சுவரைவிட அவர்களுடையது அழகு. அந்த முதல் சொட்டுக்காக மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றது மட்டும் இனி வராது... எல்லோருக்கும் தெரிந்துவிட்டதே.

ஆனாலும் என் சுவரில் மட்டும் இன்னமும் ஒரு திறப்பு விட்டே கட்டுகிறேன்.

முதல் நாள் மாலை கூடம் நிறையும். கோம்பைச் சித்தி முன்னால் வந்து, ஒன்றும் தெரியாதவர்போல் குனிவார்.

"ஏத்தா, தண்ணி மேற்காலல்ல போகுது?"

கூடமே பேச்சை நிறுத்திவிட்டு என்னைப் பார்க்கும்.

நான் கையில் சுண்ணாம்பை அள்ளுவேன்.