பல் வைத்த பெடல்

போன ஞாயிற்றுக்கிழமை கோயம்புத்தூரிலிருந்து மகள் போன் செய்தாள். வேலைக்குச் சேர்ந்த இடத்தில் மலைப்பாதையில் சைக்கிள் ஓட்டுகிற கூட்டம் ஒன்று இருக்கிறதாம், இவளும் சேர்ந்துவிட்டாளாம். பெடல் மாற்ற வேண்டுமாம். நைலான் வாங்கவா, அலுமினியம் வாங்கவா, விலை கம்மியாக எது நல்லது என்று என்னிடம் கேட்டாள். சமையலில் உப்பு எவ்வளவு என்று கேட்டிருந்தால்கூட நான் இத்தனை வேகமாகப் பதில் சொல்லியிருக்க மாட்டேன். "பளபளப்பப் பாக்காத. விரலால சுத்திப் பாரு, உள்ள கரகரங்குதான்னு. செருப்ப நனைச்சு மேல வச்சுப் பாரு. கடைக்காரன் எது சொன்னாலும் கேக்காத. நீ கேட்டதத்தான் மாட்டுறானான்னு பக்கத்துலயே நில்லு" என்று ஒரே மூச்சில் கத்தினேன்.

"பெடல் மேல உனக்கு ஏம்மா இம்புட்டுக் கோவம்?" என்றாள்.

இருக்கிறது. இருபத்தைந்து வருஷத்துக் கோபம். சர்க்கரை, ரத்தக் கொதிப்பு எல்லாம் மாத்திரையில் அடங்குகிறது, இது அடங்கவில்லை. உங்களிடமாவது சொல்லிவிடுகிறேன்.

தொண்ணூறுகளின் கடைசி. கன்னிவாடிக்கு மேற்கே, மலையடிவாரத்துக் கிராமம் ஒன்றில் தனியார் பள்ளிக்கூடம். அங்கே நான் கணக்கு டீச்சர், ஸ்டெல்லா அறிவியல் டீச்சர். நான் சேவுகம்பட்டிப் பக்கம் கத்தரிக்காய் போடுகிற வீட்டுப் பெண். கன்னிவாடியில் ஒரு அறை எடுத்துத் தங்கியிருந்தேன். ஸ்டெல்லா திண்டுக்கல்காரி. அப்பா, அம்மா, சித்தி என்று வீடு முழுக்க வாத்தியார்கள். காலை பஸ்ஸில் வந்து என் அறை வாசலில் இறங்குவாள். அதற்குப் பிறகு பஸ் கிடையாது, வண்டிப் பாதைதான். கூழாங்கல், முள், நடுவில் இரண்டு ஓடைகள். என்னிடம் ஒரு லேடீஸ் சைக்கிள் இருந்தது. அதை நான் ஓட்டினேன் என்பதைவிட, அது போன பக்கம் நான் போனேன் என்பது சரி.

ஸ்டெல்லாவிடம் இருந்தது வேறு சாதி. அவள் அண்ணன் ஆசைப்பட்டு வாங்கி, இரண்டே மாதத்தில் அலுத்துப்போய் மூலையில் சாத்திய கியர் சைக்கிள். தடித்த டயர், நேரான ஹேண்டில்பார், குறுக்கே கம்பி. அதை பஸ் கூரையில் ஏற்றிக் கொண்டுவந்து என் அறையில் நிறுத்தினாள். சுடிதாரில் ஓட்டிப் போய், ஸ்டோர் ரூமில் சேலைக்கு மாறி, முதல் மணி அடிக்கும்போது ஒன்றும் தெரியாதவள் போல வகுப்பில் நிற்பாள். ஓடைச் சரிவில் அவள் உட்காரவே மாட்டாள். பெடல்மேல் எழுந்து நின்று, முழங்காலை மடக்கி, வண்டியைக் குதிக்கவிட்டு இறங்குவாள். பிள்ளைகள் அதைப் பார்ப்பதற்கென்றே சீக்கிரம் வந்து ஓடைக்கரையில் உட்கார்ந்திருக்கும். நான் பின்னாலேயே வண்டியை உருட்டிக்கொண்டு வருவேன். எனக்குக் கைதட்ட யாரும் காத்திருந்ததில்லை.

ஒருநாள் கல்லில் இடித்து அந்த சைக்கிளின் பிளாஸ்டிக் பெடல் விரிசல் விட்டுப்போனது. சனிக்கிழமை அதே பெடலைக் காலால் அமுக்கிப் பிடித்தபடி திண்டுக்கல் வரைக்கும் ஓட்டிப் போனாள். நான் பஸ்ஸில் போய்ச் சேர்ந்தேன்.

பூட்டுக் கடைகளுக்கு நடுவே இருந்தது அந்த சைக்கிள் கடை. ரப்பர் சொல்யூஷன் வாசனை தெருமுனையிலேயே வரும். எனக்கு அந்த வாசனை பிடிக்கும், இன்றைக்கும் பஞ்சர் கடையைத் தாண்டும்போது மூச்சை இழுத்து விடுகிறேன்; கூடவே பல்லையும் கடிக்கிறேன். கடைக்காரர் மூன்று சோடிப் பெடல்களை எடுத்துப் போட்டார். ஒன்று கறுப்பு ரப்பர் கட்டை வைத்தது. இன்னொன்று வெள்ளியாய் மின்னியது. ஸ்டெல்லா விரலால் சுற்றியதும் உள்ளே பால்ரஸ் கடகடவென்றது. மூன்றாவது இரும்பு. ஓரமெல்லாம் ரம்பம் போலப் பல். யாரும் வாங்காமல் தூசி படிந்து கிடந்ததால் விலையும் குறைவு.

"இதான்" என்றாள் ஸ்டெல்லா.

"ஏம்மா, இது ரேஸ் விடுற பசங்களுக்கு. சேலையக் கிழிச்சுப்புடும்."

"நான் சேலையில ஓட்டலண்ணே."

"பெறகு?" என்று அவர் கேட்ட விதத்தில் கடையில் நின்றவர்கள் சிரித்தார்கள்.

ஸ்டெல்லா பஞ்சர் பார்க்கிற தண்ணீர்த் தொட்டியில் தன் செருப்பை முக்கினாள். ரப்பர் பெடல்மேல் வைத்து அழுத்தித் தள்ளினாள். சோப்பில் வைத்ததுபோல் வழுக்கி ஓடியது. பல் பெடலில் வைத்தாள், நகரவில்லை. "பாத்தீங்களாண்ணே?"

"தண்ணிக்குள்ளயா சைக்கிள் விடப் போற?"

"ஆமாண்ணே. எங்க பாதையில ரெண்டு ஓடை இருக்கு."

"அதெல்லாம் லேடீஸுக்கு ரப்பர்தான். சைக்கிள் அண்ணனோடதா? அண்ணன வரச் சொல்லு, பல்லு வச்சதத் தாரேன். நாளைக்குக் காலக் கிழிச்சுக்கிட்டா சண்டைக்கு எங்கிட்டதான வருவாக."

இவள் வாதாடிக்கொண்டிருந்தபோதே கடை மெக்கானிக் வாசலில் வேலையை முடித்துவிட்டான். திரும்பிப் பார்த்தால் வண்டியில் ரப்பர் பெடல். பழையதைக் கழற்றிக் குப்பையில் போட்டாயிற்று. கடைக்கு மதியச் சாப்பாட்டு நேரம், பாதி ஷட்டர் இறங்கிக்கொண்டிருந்தது. மாற்றித் தர ஆளில்லை, அதோடேயே திரும்பினோம். நான் இதுவரை எத்தனையோ பேர் என் வாழ்க்கையில் எனக்கு நல்லது செய்வதாகச் சொல்லிக் கேட்டிருக்கிறேன். எல்லோருக்கும் அந்தக் கடைக்காரர் முகம்தான்.

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. இரண்டாவது ஓடைச் சரிவில் வழக்கம்போல ஸ்டெல்லா எழுந்து நின்றாள். நனைந்த செருப்பு. வலது கால் வழுக்கியது. பெடல் சுழன்று வந்து முழங்காலுக்குக் கீழே எலும்பில் அடித்தது. ஆள் ஹேண்டில்பாரைத் தாண்டிப் போய்க் கல்லில் விழுந்தாள். இடது மணிக்கட்டு முறிந்து கை ஒரு பக்கமாகத் தொங்கியது. தாடை கிழிந்து சுடிதார் முன்பக்கமெல்லாம் ரத்தம். கரையில் உட்கார்ந்திருந்த பிள்ளைகள் அழுதபடி ஓடிப்போய், தோட்டத்திலிருந்து வெங்காய மூட்டை ஏற்றி வந்த டிராக்டரை மறித்தார்கள். மூட்டைமேல் என் மடியில் படுத்துக்கொண்டு ஸ்டெல்லா சொன்னாள், "அந்தப் பெடலக் கழட்டிட்டு வாடி. அந்தாளு மூஞ்சில எறியணும்." வெங்காயமும் ரத்தமும் கலந்த அந்த வாசனையில் எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது.

மறுநாள் எங்கள் தாளாளர் ஜீப்பில் வந்து இறங்கினார். ஆசிரியர் அறையில் எல்லோரையும் நிற்க வைத்தார்.

"டீச்சர்னா டீச்சரா இருக்கணும். கியர் வண்டி கேக்குதாக்கும்? இனிமே எந்த லேடி டீச்சரும் சைக்கிள்ல வரக் கூடாது."

என்னையும் சேர்த்து. நான் விழக்கூட இல்லை. இத்தனைக்கும் போன கோடையில் எங்கள் டிரில் மாஸ்டர் அதே சரிவில் மொபெட்டோடு உருண்டார். அப்போது இதே தாளாளர், பாதை சரியில்லை என்று பஞ்சாயத்துக்கு மனு எழுதிக் கையெழுத்து வாங்கினார். ஆண் விழுந்தால் பாதையில் குற்றம். பெண் விழுந்தால் அவள் ஏறியதே குற்றம். இந்தக் கணக்கை எந்த வகுப்பிலும் யாரும் எனக்குச் சொல்லித் தந்ததில்லை.

அந்தச் சனிக்கிழமை சைக்கிள் கடைக்குப் போனேன். நடந்ததைச் சொன்னேன். "ரப்பர்ல தப்பில்லம்மா, ஓட்டத் தெரியணும்" என்றார் கடைக்காரர். சத்தமாகப் பேசத் தெரியாத பெண் என்று ஊரில் பெயர் வாங்கியவள் நான். குனிந்து என் செருப்பைக் கழற்றினேன். கடையில் இருந்தவர்கள் அடிக்கப் போகிறேன் என்று பதறி எழுந்துவிட்டார்கள். நான் அதைத் தொட்டியில் முக்கி, சொட்டச் சொட்ட அவர் மேசைமேல் வைத்தேன். "இதப் போட்டுக்கிட்டு உங்க ரப்பர் பெடல்ல ஏறி நில்லுங்கண்ணே. செத்த நேரம் நின்னீங்கன்னா நான் பேசாமப் போயிர்றேன்."

அவர் ஏறவில்லை. பல் வைத்த பெடலை எடுத்து, தூசி துடைத்து, பேப்பரில் சுற்றித் தந்தார். ஈரச் செருப்பைப் போட்டுக்கொண்டு அரசியைப் போல வெளியே வந்தேன். ஷட்டரில் தலை இடித்துக்கொண்டது தனி.

பொட்டலத்தோடு ஸ்டெல்லா வீட்டுக்குப் போனால், மாவுக்கட்டோடு கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். ஓடைக்கரையிலிருந்து அண்ணன் வந்து எடுத்துப்போன சைக்கிளைக் காணோம். "வித்தாச்சு" என்றார் அவள் அண்ணன், டிவியிலிருந்து முகத்தைத் திருப்பாமல். "இனி அவளுக்கு எதுக்கு?" அவள் ஆஸ்பத்திரியில் இருந்த அன்றே விற்றிருக்கிறார். வீட்டில் மூன்று பேர் வாத்தியார் வேலை பார்த்தவர்கள். அவளை ஒரு வார்த்தை கேட்க வேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. ஸ்டெல்லா பொட்டலத்தைப் பிரித்து, பெடலை மடியில் வைத்து விரலால் சுற்றினாள். கரகரப்பே இல்லை. "உன் வண்டியில மாட்டு" என்றாள்.

மாட்டினேன். பொங்கல் முடிந்து கட்டுப் பிரித்து அவள் வேலைக்குத் திரும்பிய காலையில், சுடிதார் போட்டு என் லேடீஸ் சைக்கிளில் ஏறினாள். நான் கேரியரில். இரண்டு ஓடையையும் இறங்காமல் கடந்தோம். பிள்ளைகள் போட்ட கூச்சலில் தாளாளர் வாசலுக்கே வந்துவிட்டார்.

"சொன்னது காதுல விழலையா டீச்சர்?"

ஸ்டெல்லா இறங்கி ஸ்டாண்டு போட்டாள். "சார், நாளையிலருந்து நீங்க ஜீப்ப விட்டுட்டு நடந்து வாங்க. நாங்களும் நடந்து வாரோம்."

பிள்ளைகள் பார்க்க அவர் திரும்பி உள்ளே போய்விட்டார். பரீட்சை முடிகிற வரை அந்த சைக்கிளில்தான் போனோம். முடிந்த அன்று இருவரையும் அழைத்து, அடுத்த வருஷம் வர வேண்டாம் என்றார். எனக்குத் திண்டுக்கல்லில் வேறு வேலை கிடைத்தது. ஸ்டெல்லா கல்யாணமாகித் திருச்சி போனாள். கிறிஸ்துமஸுக்குப் போனில் பேசுவாள். மழைக்காலத்தில் மணிக்கட்டு வலிக்கிறதாம். அங்கே போனபிறகு சைக்கிளைத் தொடவே இல்லை என்றாள். ஏன் என்று நான் கேட்கவில்லை, எனக்குத் தெரியும்.

அடுத்த கொஞ்ச வருஷத்தில் பள்ளிப் பெண்களுக்கு இலவச சைக்கிள் கொடுக்கிற காலம் வந்தது. ஒரு விழாவுக்கு என் மாணவிகளோடு போயிருந்தேன். மேடையில் பொன்னாடை போர்த்தி உட்கார்ந்திருந்தார் எங்கள் பழைய தாளாளர். பெண்கள் சைக்கிளில் பறக்க வேண்டும் என்று பேசினார். அப்படி ஒரு கைதட்டல். நான் இரண்டு கையையும் முந்தானைக்குள் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். முன்வரிசைக்குப் போய் ஒரு கேள்வி கேட்டிருக்கலாம். பிள்ளைகள் அன்றைக்கு அத்தனை சந்தோஷமாக இருந்தார்கள், கெடுக்க மனமில்லை.

மகளிடம் பேசிய மறுநாள் பஸ் ஏறிக் கன்னிவாடி போனேன். பள்ளிக்கூடம் மூடிப் பல வருஷமாகிறது. கட்டடத்தில் தேங்காய் மட்டை அடுக்கியிருக்கிறார்களாம். வண்டிப் பாதையில் அது வரும் முன்பே, ஓடைகள் இருந்த இடத்தில் கம்பிவேலி மறித்தது. உள்ளே மட்டமாக மண் கொட்டி, கல் நட்டு, வீட்டுமனைகளுக்கு மஞ்சள் பெயிண்ட் அடித்திருந்தார்கள். கேட்டில் நின்ற காவலாளி நாற்காலியை விட்டு எழுந்து வந்தார்.

"இங்க ரெண்டு ஓடை இருந்துச்சே, அது எங்கங்க?" என்றேன்.

அவர் என்னையும் வேலியையும் மாறி மாறிப் பார்த்தார்.

"எந்த ஓடை மேடம்?"