பந்தல்குடிக்காரருக்குக் குலசாமி கிடைத்த கதை

இறந்தவர்களைத் தேடும் தொழிலில் ஒரே ஒரு வசதி உண்டு: தேடப்படுகிறவர் எங்கும் ஓடிப்போக மாட்டார், ஓடிப்போவதெல்லாம் பதிவேடுகள்தாம்.

வரலாற்றில் முதுகலை முடித்துவிட்டு, அருப்புக்கோட்டையில் பவர்லூம் சத்தம் ஓயாத தெருவொன்றின் மாடியறையில் அமர்ந்து, பிறருடைய பூட்டன்களைத் தேடிக் கொடுத்துப் பிழைக்கிறேன். பாட்டனுக்கு அப்பன் யார் என்று கேட்டால் மோட்டுவளையைப் பார்க்கிறவரா நீங்கள்? வெட்கப்பட வேண்டாம். நானும் அந்தக் கூட்டம்தான். இந்தத் தொழிலின் சங்கடம் என்னவென்று உங்களுக்குச் சொன்னால் புரியும்.

எண்ணிக்கையும் ஆளும்

பந்தல்குடியில் தூத்துக்குடிச் சாலையோரம் டயர் கடை வைத்திருக்கும் துரைப்பாண்டி ஒருநாள் என் மாடிப்படி ஏறி வந்தார். மகள் கௌசல்யாவுக்கு நரிக்குடிப் பக்கத்தில் மாப்பிள்ளை முடிவாகியிருந்தது. இருவரும் ஒரே கல்லூரியில் படித்து, ஒருவரையொருவர் விரும்பி, இரு வீட்டையும் பொறுமையாகச் சம்மதிக்க வைத்தவர்கள். மிச்சமிருந்தது பத்திரிகை அடிப்பதுதான். அதன் தலைப்பில் குலசாமி பெயர் வர வேண்டும். முதல் பத்திரிகையையும் அந்தச் சாமியின் காலடியில்தான் வைக்க வேண்டும். துரைப்பாண்டிக்கோ தம் குலசாமி எதுவென்று தெரியாது. தாத்தா எந்த ஊரிலிருந்து பந்தல்குடிக்குப் பிழைக்க வந்தார் என்பதும் தெரியாது. தகப்பனார், இவர் கைக்குழந்தையாக இருந்தபோதே இறந்துவிட்டார்.

"சென்சஸ்ல வீடு வீடா வந்து எழுதிட்டுப் போனாகளே மேடம், அதப் பொரட்டுனா ஆகாதா?" என்றார். எத்தனை பேர் என்று கூட்டி எடுத்துக்கொள்வார்களே தவிர, அந்தப் பெயர்களை யாருக்கும் காட்டுவதில்லை என்று விளக்கினேன். என் விளக்கத்தைப் பொய்ச்சாட்சி கேட்கிற நீதிபதியைப் போலக் கேட்டு முடித்தார்.

"அப்ப எங்க தாத்தா எண்ணிக்கையில மட்டும் சேத்தி, ஆளுல சேத்தி இல்ல. அப்படித்தான மேடம்?"

மாமனார் பெயர்

மூத்த பேரனுக்குத் தாத்தா பெயரை வைப்பது இந்தப் பக்கத்து வழக்கம். மருமகள் மாமனார் பெயரை வாயால் சொல்லக் கூடாது என்பதும் இதே பக்கத்து வழக்கம். இரண்டும் ஒரே வீட்டில் மோதினால், பெற்ற மகனைப் பெயர் சொல்லிக் கூப்பிட முடியாத தாய் அவனை "துரை" என்பாள். பள்ளிக்கூடமும் துரைப்பாண்டி என்றே எழுதிக்கொள்ளும். தாத்தாவுக்கென்று எஞ்சியது, தகப்பனார் பெயருக்கு முன் நின்ற "க" என்ற தலைப்பெழுத்து ஒன்றுதான்.

துரைப்பாண்டியின் தாயார் இருளாயி திடமாகத்தான் இருந்தார். பந்தல்குடிக்கே வாக்கப்பட்டு வந்தவர் என்பதால், புருசன் வீட்டுப் பூர்வீக ஊரோ சாமியோ அவருக்கும் தெரியாது. மாமனார் பெயர் மட்டும் நினைவிருந்தது. சொல்லத்தான் மாட்டார். "ஒங்க மாமனாரு செத்தே அம்புட்டு வருசம் ஆச்சுல்ல ஆத்தா, சொல்லித் தொலையேன்" என்று மகன் கெஞ்சியும் பலிக்கவில்லை. நானே கந்தையா, கதிரேசன் என்று அடுக்கத் தொடங்கினேன். கிழவி பாக்கு வெட்டிக்கொண்டிருந்தார். கருப்பையா என்றதும் பாக்குவெட்டி நின்றது.

"நான் சொல்லல தாயி. நீதான் சொன்ன. நாளப்பின்ன யாரும் கேட்டா அப்படியே சொல்லிரு."

எடுத்து வைத்த பங்கு

கருப்பையாக்கள் இந்தச் சீமையில் வேலிக்கருவேலைப் போல. பழைய கிரயப் பத்திரங்களின் நகல்களைப் புரட்டிப் புரட்டிக் கண் பூத்த பிறகு, "தற்போது பந்தல்குடியில் குடியிருக்கும் கருப்பையா" என்பவர் திருச்சுழிக்குக் கிழக்கே ஓர் ஊரில் தம் பங்குப் புஞ்சையை விற்ற பத்திரம் அகப்பட்டது. எல்லை விவரத்தில் அய்யனார் கோயில் பாதையும் வந்தது. துரைப்பாண்டியை அழைத்துக்கொண்டு போனேன். வறண்ட கண்மாய்க் கரையில் கோயில். கருப்பையா பெயரைக் கேட்டதும், பூசாரி துரைப்பாண்டியின் முகத்தை ஒரு கணம் பார்த்துவிட்டுக் கையைப் பிடித்துக்கொண்டார். "வருசா வருசம் கெடா வெட்டையில ஒங்க பங்க எடுத்து வைக்கிறோம்யா. ஆளு வராததுனால நாங்களே தின்னுபுடுறோம்" என்றார். துரைப்பாண்டி சிரித்துக்கொண்டே அழுதார். அந்த ஒரு நிமிடம் என் தொழிலைப் பற்றி எனக்குக் கர்வமாக இருந்தது.

பத்திரிகைக்காக வந்த விவரத்தைச் சொல்லி, மாப்பிள்ளை வீட்டாரின் பெயரையும் துரைப்பாண்டி சொன்னார். அவர்களும் அய்யனாரைக் கும்பிடுகிறவர்கள் என்பது முன்பே தெரிந்ததுதான். இங்கே கண்மாய்க்கு ஓர் அய்யனார் இருப்பதால் அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பூசாரி கையை விட்டுவிட்டார். குடிபெயர்கிறவர்கள் தாய்க்கோயிலில் ஒரு பிடி மண் எடுத்துப்போய், போன இடத்தில் கோயில் வைப்பார்கள். மாப்பிள்ளை வீட்டார் கும்பிடும் நரிக்குடிப் பக்கத்துக் கோயிலும், இங்கிருந்து போன மண்ணில் எழுந்ததுதானாம்.

"அவுகளும் நம்ம பங்காளிதானப்பா. அண்ணனுக்கும் தங்கச்சிக்குமா பூ வச்சிருக்கீக?"

திறமை

நான் சண்டை போட்டேன். என்றோ பிரிந்துபோன கிளைகள், இதில் அண்ணன் ஏது, தங்கை ஏது, மூடத்தனம் என்று இரண்டு வீட்டு வாசலிலும் நின்று சொன்னேன். மாப்பிள்ளை வீட்டார் எனக்கு மோர் கொடுத்துவிட்டு, நிச்சயத்துக்கு வாங்கிய சேலையைக் கடைக்கே திருப்பி அனுப்பினார்கள். "சாமி ஒண்ணுன்னா ரத்தம் ஒண்ணுதான் மேடம்" என்றார் துரைப்பாண்டி. தாத்தாவைத் தேடி வந்தவர், கிடைத்த தாத்தாவுக்குக் கட்டுப்பட்டுவிட்டார். அந்த வருடம் கோயிலில் கெடா வெட்டியபோது அவருடைய பங்கு அவர் கைக்கே வந்தது. கௌசல்யா கோயிலுக்குப் போகவில்லை.

அவள் என் அறைக்கு வந்தாள். திட்டுவாள் என்று காத்திருந்தேன். அதற்கு என்னிடம் பதில் தயாராக இருந்தது. அவளோ மேசை மேலிருந்த பத்திர நகலைக் கையிலெடுத்துக் கடைசி வரி வரைக்கும் படித்தாள். மடித்து, இருந்த இடத்திலேயே வைத்தாள்.

"நீங்க இம்புட்டுத் திறமையானவுகளா இல்லாம இருந்திருக்கலாம்க்கா."

இப்போதெல்லாம், வருகிறவர்களிடம் பூட்டன் பெயரைக் கேட்பதற்கு முன்னால், வீட்டில் கல்யாணம் ஏதும் பேசி வைத்திருக்கிறீர்களா என்று கேட்டுவிட்டுத்தான் பேனாவைத் திறக்கிறேன்.