காற்று புகாத ஜன்னல்

அக்கரப்பத்தனையில் பனி விழும் மாதத்தைப் பற்றி அழகாக எழுதச் சொன்னால் என்னால் முடியாது. ரயிலில் வந்து இரண்டு நாள் தங்கிப் போகிறவர்கள் எழுதட்டும். அவர்களுக்குப் பனி வெள்ளைப் பூ. தை பிறந்து, வானம் துடைத்து வைத்த தட்டு மாதிரி தெளிந்துவிட்டால், அந்த வெள்ளைப் பூ இறங்கி விடிவதற்குள் தேயிலைக் கொழுந்தையெல்லாம் பொசுக்கிவிட்டிருக்கும். தணலில் காட்டி எடுத்தது போல இலை பழுத்துத் தொங்கும். கொழுந்து கருகினால் தோட்டத்துத் தொரை குதிரையிலிருந்து இறங்கி நின்று கவலைப்படுவார். நாங்கள் வரிசையாகக் குடியிருக்கும் லயத்துக்குள் ஒரு கைப்பிள்ளை விறைத்துப் போனால், விடியலில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் ஒரு பெயரும் குறையாது. கைப்பிள்ளைக்குப் பெரட்டில் பெயர் கிடையாது.

நாட்டுக்குச் சுதந்திரம் வந்து சில வருஷங்கள் ஆகியிருந்தன. கப்பலேறி வந்தவர்களின் பிள்ளைகளான நாங்கள் இந்த நாட்டு ஆட்களில்லை என்று சட்டம் வந்தும் ஏறக்குறைய அவ்வளவு வருஷங்கள். அண்ணன், மதினி, நான் என்று மூன்று பேர் மேல் லயத்தில் ஒரு காம்பராவில் இருந்தோம். மதினியும் நானும் கொழுந்து எடுத்தோம். அண்ணனுக்குத் தோட்டத்தில் தச்சு வேலை. காம்பரா என்றால் ஒரே அறை. அதற்கு முன்னால் இஸ்தோப்பு என்று நாங்கள் சொல்லும் ஒடுக்கமான தாழ்வாரம். தலைக்கு மேலே தகரம். பின்சுவரில் ஒரு ஜன்னல்; அதை ஜன்னல் என்பது மரியாதைக்காக. சுவரில் ஒரு பொந்து, அதற்கு இரண்டு பலகைக் கதவு. வெயிலுக்கும் மழைக்கும் சுருங்கி நெளிந்து, மூடினாலும் கை போகும் சந்து. திறந்தால் வெளிச்சமும் குளிரும் சேர்ந்து வரும். மூடினால் வெளிச்சம் மட்டும் நின்றுவிடும்.

போன பனியில் மதினியின் முதல் பிள்ளை செத்துப்போனது. நெஞ்சு கட்டி, பூனைக்குட்டி மாதிரி இழுத்து இழுத்து மூச்சு விட்டு, ஒரு விடியலில் நிறுத்திக்கொண்டது. மருந்துக்காம்பரா ஐயாவிடம் தூக்கிக்கொண்டு போனபோது அவர் சொன்ன வைத்தியம் இரண்டே சொல்.

"சூடா வச்சிருங்க."

எதைக் கொண்டு என்று அவர் சொல்லவில்லை. நாங்களும் கேட்கவில்லை. ஐயாமாரிடம் அப்படியெல்லாம் கேட்கிற பழக்கம் எங்களுக்கு இல்லை.

மறுபடி மதினி முழுகாமல் இருந்தாள். கணக்குப் பார்த்தால் இந்தப் பிள்ளையும் தையில்தான். அவளுக்கு வயிறு ஏற ஏற அண்ணனின் பேச்சு குறைந்தது. அவன் கண் எப்போதும் அந்தப் பலகைக் கதவின் சந்திலேயே இருந்தது. இந்தப் பிள்ளையைப் பனி தாண்ட வைக்க வேண்டும். அந்த வருஷம் எங்கள் காம்பராவில் அது ஒன்றுதான் யோசனை, அது ஒன்றுதான் வேண்டுதல்.

அப்போதுதான் பங்களாவுக்குப் புதுத் தொரைசாணி வந்தாள். பனி பெய்யும் தேசத்தில் பிறந்தவளுக்கே எங்கள் மலைக்காற்று பொறுக்கவில்லையாம். பங்களா ஜன்னல்களுக்கெல்லாம் உள்பக்கமாக இன்னொரு கண்ணாடிச் சட்டம் போடச் சொல்லிவிட்டார் தொரை. வைக்கோலில் பொதிந்த கண்ணாடிகள் ரயிலில் வந்தன. அண்ணனுக்கு வாரக்கணக்கில் அங்கேதான் வேலை. ஒருநாள் அந்திக்கு வந்தவன் இஸ்தோப்பில் ஏறும்போதே ஆரம்பித்தான்.

"ரெண்டு கண்ணாடி புள்ள. நடுவுல வெரக்கடை எடம். அந்த எடத்துல காத்து அடைபட்டுக் கெடக்குது. அடைபட்ட காத்து வெளிக்குளிர உள்ள விடாதாம்."

மதினி ரொட்டி தட்டிக்கொண்டிருந்தாள். "காத்தே காத்தத் தடுக்குமாக்கும். பங்களாத் தண்ணி குடிச்சதும் நல்லா கத விட வருது."

"கைய வச்சுப் பாத்தேன்டி. வெளிக்கண்ணாடி ஐஸுக்கட்டி. உள்கண்ணாடி ஒன் கன்னம் மாதிரி இருக்கு."

"தங்கச்சிய வச்சுக்கிட்டு என்ன பேச்சுப் பேசுறீங்க," என்று மதினி மாவுக்கையால் முகத்தை மறைத்தாள். அவள் சிரித்து நான் பார்த்து ஒரு வருஷம் ஆகியிருந்தது.

மூலை உடைந்த கண்ணாடிகளைத் தொரைசாணி குப்பைக்குப் போடச் சொன்னாள். அண்ணன் கைகாட்டிக் கேட்டான். எடுத்துக்கொள் என்று தலையாட்டிவிட்டாள். ஆனால் லயத்தில் ஓர் ஆணி அடிக்கவும் உத்தரவு வேண்டும். மலைவேலையையும் லயத்தையும் மேற்பார்க்கிற கண்டாக்கையாவிடம் அண்ணன் போய் நின்றான். நானும் கூடப் போயிருந்தேன்.

அண்ணன் இரண்டு காரியம் கேட்டான். ஜன்னலுக்குக் கண்ணாடி போட்டுக்கொள்ள வேண்டும். அதோடு, புகை போகத் தகரத்தில் ஒரு சின்ன ஓட்டை வெட்டி, மழை இறங்காமல் மேலே ஒரு மூடி.

"ஜன்னல என்னமோ பண்ணித் தொலை," என்றார் கண்டாக்கு. "தகரத்துல கை வச்சே, அடுத்த நாள் பெரட்டுல ஒம்பேரு இருக்காது. தோட்டத்துச் சொத்து."

"பொகைங்கய்யா..."

"லயம் கட்டுன நாள்லேருந்து பொகை போய்க்கிட்டுத்தானே இருக்கு? அது வழி அதுக்குத் தெரியும்."

அண்ணன் சரிங்கய்யா என்று கும்பிட்டுத் திரும்பினான். பாதி கிடைத்ததே பெரிது என்று வழியெல்லாம் சந்தோஷமாக வந்தான்.

அந்த ஜன்னலை அவன் செய்ததைப் போல ஒரு வேலையை நான் பிறகு பார்த்ததில்லை. தேயிலைப் பெட்டிச் சட்டங்களை இழைத்து இரண்டு சட்டகம். உடைந்த மூலைகளை வெட்டித் தள்ளி, துண்டு துண்டாகக் கண்ணாடி சேர்த்து, பங்களாவில் மிஞ்சிய, கண்ணாடி ஒட்டும் மக்கு வைத்து அடைத்தான். சட்டத்துக்கும் சுவருக்கும் நடுவே பெட்டியின் ஈயத்தாளை மடித்துத் திணித்தான். சுவரும் தகரமும் சேருமிடத்துச் சந்துகளைச் சாக்கும் களிமண்ணும் கொண்டு பூசினான். கதவடியில் படங்குத் துணியைச் சுருட்டி அறைந்தான். அறைக்குள் இருந்த அடுப்பையும் பெயர்த்து இஸ்தோப்புக்குக் கொண்டுபோனான். தகரத்தைத் தொடக்கூடாது என்றால், புகையே உள்ளே வேண்டாம்.

பக்கத்துக் காம்பரா அக்கா வந்து இடுப்பில் கை வைத்து நின்று பார்த்தாள். "என்ன தம்பி, பங்களா எந்திரிச்சிருச்சு. தொரைசாணி எப்ப குடிவாறாக?"

"வந்தாச்சுக்கா. உள்ளதான் வெத்தல போட்டுக்கிட்டு இருக்கா," என்றான் அண்ணன்.

முதன்முதலாகப் பகல் எங்கள் தரையில் வந்து படுத்தது. மதினி அதற்குள் காலை வைத்துப் பார்த்தாள். பிறகு சுற்றிலும் சுவரைப் பார்த்தாள். "நம்ம காம்பரா இம்புட்டு கறுப்பாவா இருந்துச்சு?" என்றாள். தலைமுறைக் கரி. அதுவரை இருட்டு அதை மூடி வைத்திருந்தது.

பெண் பிள்ளை பிறந்தது. தலை நிறைய முடி. பிள்ளை பெற்றவளுக்குக் கட்டிலுக்கடியில் தணல்சட்டி வைப்பது எங்கள் வழக்கம். விறகு எரிந்து அடங்கிய கரித்தணலைச் சட்டியில் அள்ளி, சாம்பல் தூவி வைத்துவிட்டால் நாள் முழுக்கக் கணகணவென்றிருக்கும். இடுப்பு வலிக்கு இதம், பிள்ளைக்குச் சூடு. விறகுப் புகை பிள்ளைக் கண்ணுக்கு ஆகாது என்பதால்தான் கரி. தணலுக்குப் புகை கிடையாது, ஆகவே அதில் கெடுதலும் கிடையாது. இப்படித்தான் எங்களுக்குத் தெரியும். இதைவிட வேறு யாரும் எங்களுக்குச் சொன்னதில்லை.

பனி வந்தது. வாசல் புல்லெல்லாம் வெளுத்துக் கிடந்தது. எங்கள் காம்பராவுக்குள் மதினிக்கு நெற்றியில் வேர்த்திருந்தது. கம்பளியைத் தள்ளிவிட்டுப் படுத்திருந்தாள். லயத்துப் பெண்கள் சாக்குச் சொல்லிக்கொண்டு வந்து வந்து குளிர் காய்ந்து போனார்கள். அவர்கள் வந்து போகும்போதெல்லாம் கதவு திறந்து மூடியது. அந்தத் திறப்பில் உள்ளே போன காற்றின் அருமை எங்களுக்கு அப்போது விளங்கவில்லை.

ஒருநாள் விடியலில் மதினி தலை வலிக்கிறது என்றாள். பக்கத்துக் காம்பரா அக்கா, "பச்ச ஒடம்பு, அப்பிடித்தான் இருக்கும். நல்லா மூடிப் படு," என்றாள். வேலைக்குக் கூப்பிடும் தப்பு அடித்தது. அண்ணன் புதுத்தணல் அள்ளி வைத்தான். காற்றுக்கருப்பு அண்டாமல் கதவை இழுத்துச் சாத்திவிட்டு எல்லாரும் வேலைக்குப் போனோம். முழு லயமும் போயிற்று.

பகல் கொழுந்து நிறுத்ததும் லயத்தின் பின்பக்கமாக ஓடிவந்தேன். ஜன்னல் கண்ணாடியின் உள்பக்கம் முழுக்க நீர் கோத்து வழிந்துகொண்டிருந்தது. கதவைத் தள்ளினேன். முகத்தில் சூடு வந்து மோதியது, அம்மா மடி மாதிரியான சூடு. மதினி வாய் திறந்து கிடந்தாள். அவள் கையணைப்பில் பிள்ளை. கன்னம் செக்கச்செவேலென்றிருந்தது. அவ்வளவு நல்ல நிறத்தில் அந்தப் பிள்ளையை அதுவரை நான் பார்த்ததில்லை. தூங்குகிறது என்றுதான் நினைத்தேன்.

மதினியை இஸ்தோப்புக்கு இழுத்துப் போட்டேன். குளிர்காற்று பட்டதும் ஓங்கரித்து வாந்தியெடுத்தாள். கண் திறந்தாள். பிள்ளை திறக்கவில்லை.

மருந்துக்காம்பரா ஐயா இந்தத் தடவை நேரிலேயே வந்தார். தணல்சட்டியைப் பார்த்தார், ஜன்னலைப் பார்த்தார்.

"இப்பிடி அடைச்சு வச்சுக் கரி போட்டா மூச்ச எடுத்துறாதா? இதுகூடத் தெரியாதாப்பா ஒங்களுக்கு?"

அண்ணன் அவரையே பார்த்துக்கொண்டு நின்றான். "சூடா வச்சிருங்கன்னு சொன்னீங்கய்யா," என்றான். குரலில் கோபம்கூட இல்லை.

பிறகு எத்தனையோ இரவு நான் இதைப் புரட்டிப் புரட்டிப் பார்த்திருக்கிறேன். பங்களாவிலும் காற்று புகாத ஜன்னல்தான், அங்கேயும் நாள் முழுக்க நெருப்புத்தான். ஆனால் அந்த நெருப்புக்குத் தலைக்கு மேலே செங்கல்லில் கட்டிய மூக்கு இருந்தது. எங்கள் கூரைக்கு மூக்குக் கேட்டதற்குத்தான் உத்தரவு இல்லை. தணல்சட்டியோ ஓட்டுச்சந்தில் காற்று சிலுசிலுக்கும் ஊர்களிலிருந்து எங்களோடு கப்பலேறி வந்தது. அந்தப் பாழாய்ப்போன பலகைக் கதவு இருந்தவரை எந்தத் தணலும் யாரையும் கொல்லவில்லை. நாங்கள் காலமெல்லாம் சபித்த சந்துதான் அந்தக் காம்பராவில் மூச்சு விட்டுக்கொண்டிருந்திருக்கிறது. அதன் வழியே வந்த குளிர் முதல் பிள்ளையை எடுத்துக்கொண்டது. அதை அடைத்ததும் இரண்டாவது போயிற்று. எந்தப் பக்கம் போயிருந்தால் எங்கள் வீட்டில் ஒரு பிள்ளை பிழைத்திருக்கும் என்று யாராவது எனக்குச் சொல்லட்டும்.

ஆபீசிலிருந்து ஆட்கள் வந்து கண்ணாடியைக் கழற்றிப் பழைய பலகையை மாட்டிவிட்டுப் போனார்கள்.

வருஷங்கள் ஓடின. அறுபதுகளின் நடுவில் எங்கள் தோட்டத்தில் புது லயம் கட்டினார்கள். ஜன்னல் கதவு செய்கிற வேலை அண்ணனுக்கு. ஸ்டோர் வாசலில் அவன் இழைத்துக்கொண்டிருந்தபோது, இளைஞர்கள் சிலர் கண்டாக்கிடம் புதுக் காம்பராக்களுக்காவது கண்ணாடி போடக் கேட்டார்கள். அதே கண்டாக்கு, தலை மட்டும் நரைத்திருந்தது.

"கண்ணாடியா? ஒங்க ஆளுகளுக்கு அது ஒத்துக்காது. மேல் லயத்துல போட்டு ஒரு புள்ள செத்தது. பொய்யா? இந்தா நிக்கிறானே, போட்டவன், அவனையே கேளு."

அண்ணன் தலை நிமிராமல் இழைப்புளியைத் தள்ளினான். கொழுந்துக் கூடையோடு என் பக்கத்தில் நின்ற மதினிதான் பேசினாள்.

"எம்புள்ள கண்ணாடியால சாகலங்கய்யா. தகரத்துல ஒரு ஓட்டை கேட்டாரு. நீங்க குடுக்கல."

இழைப்புளிச் சத்தம் நின்றது. கண்டாக்கு சட்டைப் பையைத் தடவினார். "கொழுந்து வாடுது. போயி நிறு," என்று சொல்லிவிட்டு நடந்தார்.

புதுக் காம்பராக்களுக்கும் பலகை ஜன்னல்தான் வந்தது. தகரத்திலும் ஓட்டை இல்லை. எல்லாக் கதவும் அண்ணன் செய்தவை. மயிரிழை பிசகாமல் பலகை பொருத்துகிற அவன், ஒவ்வொரு ஜன்னலிலும் நடுவே ஒரு விரல் நுழையும்படி சந்து விட்டு மாட்டினான். வேலை மறந்துபோச்சாடா என்று கண்டாக்கு திட்டினார். அண்ணன் கேட்டுக்கொண்டான், திருத்தவில்லை. குடிவந்தவர்களும் திட்டினார்கள். தைமாதத்தில் அந்தச் சந்துகளின் வழியே பனி உள்ளே இறங்குகிறது. லயம் முழுக்கப் பிள்ளைகள் இருமுகிறார்கள்.

"இருமட்டும்," என்றான் அண்ணன் என்னிடம் ஒருமுறை. "இருமுனா மூச்சு இருக்குன்னு அர்த்தம்."