அப்பா மரியதாசாக இருந்த கிழமை

பேஸ்பால் என்ற சொல்லைக் கேட்டால் எனக்கு இன்றைக்கும் வயிறு எரியும். அந்த விளையாட்டு எனக்கு ஒரு தீங்கும் செய்ததில்லை. நான் வளர்ந்த, ஒஸ்லோ நகரத்து ரொம்மனில் அதை விளையாடிய எவரையும் நான் கண்டதுமில்லை. மற்றத் தமிழ் வீடுகளில் ஞாயிறு பூசை முடிந்து வந்து ஊரில் விட்டுவந்த வளவையும் கிணற்றையும் பற்றிக் கதைப்பார்கள். எங்கள் வீட்டில் அப்பா பேஸ்பாலைப் பற்றிக் கதைப்பார். அதை விட்டால், அதைச் சொல்லிக்கொடுத்த பேராசிரியரைப் பற்றிக் கதைப்பார்.

அப்பா யாழ்ப்பாணத்தில் பல்கலைக்கழகத்தில் படித்த காலத்தில் அவருக்குச் சரித்திரம் படிப்பித்தவர் அந்தப் பேராசிரியர். மேற்படிப்புக்கு அமெரிக்கா போனவர், பட்டத்தோடு பேஸ்பால் பைத்தியத்தையும் பிடித்துக்கொண்டு ஊர் திரும்பினாராம். கிரிக்கெட்டைத் தவிர வேறெதையும் விளையாட்டென்று ஒப்புக்கொள்ளாத ஊர் அது. முன்னொரு காலத்தில் அங்கே பள்ளிக்கூடம் கட்ட வந்த அமெரிக்க மிஷனரிமார் கட்டாயம் பேஸ்பால் விளையாடியிருப்பார்கள் என்பது அவருடைய வாதம். அதற்குச் சான்று தேடிப் பழைய தேவாலயங்களின் தூசியெல்லாம் குடித்தார். ஒன்றும் அகப்படவில்லை. “கிடைக்கேல்லை எண்டால் நடக்கேல்லை எண்டு அர்த்தமில்லை” என்று வகுப்பில் சொல்வாராம். சரித்திரத்தை இப்படிப் படிப்பித்த மனிதரை மாணவர்கள் தலையில் தூக்கிவைத்துக் கொண்டாடினார்கள். பூவரசங் கட்டையைச் சீவி மட்டை செய்து, அவர்களைக் கொண்டே ஒரு அணியும் நடத்தினார். அப்பாவும் அந்த அணியில் இருந்தார். அதில் அவர் என்ன செய்தார் என்று நான் கேட்டதில்லை. எல்லாம் செய்திருப்பார் என்று நானே நினைத்துக்கொண்டேன்.

எனக்குப் பத்து வயதானபோது, பேராசிரியர் கனடாவில் மகளோடு இருக்கிறார் என்று அறிந்து, அப்பா யார் யாரையோ பிடித்து அவருடைய தொலைபேசி இலக்கத்தை எடுத்தார். அப்பா பஸ் சாரதி. வேலை முடிந்து வந்து, சீருடையைக் கழற்றி, கோயிலுக்குப் போடும் சேர்ட்டைப் போட்டுக்கொண்டு, பக்கத்தில் கதிரை இருந்தும் எழுந்து நின்றுதான் அழைத்தார். தொலைபேசியில் ஆளைப் பார்க்க முடியாது என்பதை அவருக்கு யாரும் சொல்லவில்லை.

“சேர், நான் ஒஸ்லோவிலை இருந்து கதைக்கிறன். உங்கடை பழைய மாணவன். கடைசி ஆட்டத்திலை பந்து புளியமரத்துக்கு மேலாலை போனது நினைவிருக்கே சேர்?”

மறுபக்கத்தில் ஒரு கிழக்குரல் வீரிட்டது எனக்கே கேட்டது. அப்பா வாயைத் திறந்தார். மூடினார். பிறகு கனநேரம் அந்தக் குரலைக் கேட்டுக்கொண்டே நின்றார்.

“ஓம் சேர். நான்தான். உயிரோடைதான் இருக்கிறன்.”

உயிரோடு இல்லாதவர் எப்படித் தொலைபேசியில் கதைப்பார் என்று நான் சிரித்தேன். அப்பா சிரிக்கவில்லை. கோடையில் லண்டனுக்கு ஒரு கலியாணத்துக்கு வரும் பேராசிரியர், அப்படியே ஒஸ்லோவுக்கும் வந்து ஒரு கிழமை எங்களோடு தங்கப்போகிறார் என்று மட்டும் சொன்னார். எத்தனையோ நூறு பேருக்குப் படிப்பித்தவர் என் அப்பாவைப் பார்க்க மட்டும் கடல் தாண்டி வருகிறார் என்று நான் பள்ளிக்கூடம் முழுக்கச் சொல்லித் திரிந்தேன்.

அம்மா திரைச்சீலைகளைக் கழற்றித் தோய்த்தார். அப்பா பேஸ்பால் மட்டை வாங்கக் கடைக்குப் போனார். கடையில் நின்ற பெடியன் அவரை மேலும் கீழும் பார்த்துவிட்டு, எதற்கு என்று கேட்டானாம். அந்த மட்டையை இங்கே தேடி வருகிற எல்லாரும் பந்தை அடிக்க வருவதில்லை. அப்பா வெட்கப்பட்டு வெறுங்கையோடு திரும்பிவந்தார். கடைசியில் என்னுடைய விளையாட்டு ஆசிரியையிடம் கெஞ்சி, பள்ளியில் நாங்கள் ஸ்லோபால் விளையாடும் மட்டையையும் பந்தையும் நான்தான் இரவல் வாங்கிவந்தேன். ஸ்லோபால் என்பது நோர்வேப் பிள்ளைகளின் விளையாட்டு. பந்தை மட்டையால் அடித்துவிட்டு ஓடவேண்டும். பேஸ்பாலுக்கு ஒன்றுவிட்ட தங்கச்சி என்று வைத்துக்கொள்ளலாம்.

விமான நிலையத்தில் பேராசிரியர் தள்ளுவண்டியை அப்படியே நடுவழியில் விட்டுவிட்டு ஓடிவந்து அப்பாவைக் கட்டிப்பிடித்தார். “மரியதாஸ்! என்ரை ராசா! உன்னை முடிச்சுப்போட்டாங்கள் எண்டெல்லோ சொன்னவங்கள்!” என்று அழுதார். அப்பாவின் பெயர் மரியதாஸ் அல்ல. நான் அம்மாவைப் பார்த்தேன். அம்மா என் கையை இறுக்கிப் பிடித்து, “பேசாமல் வா” என்றார். பல்கலைக்கழகத்தில் வைத்த பட்டப்பெயராக்கும் என்று நினைத்துக்கொண்டேன். பட்டப்பெயர் இல்லாத யாழ்ப்பாணத்தான் உண்டா?

ஸ்லோபால் மட்டையைக் கண்டதும் மனிதருக்குப் பசி, களைப்பு எல்லாம் மறந்துபோயின. கையில் வைத்து உருட்டி உருட்டிப் பார்த்தார். இந்த விளையாட்டுக்கும் பேஸ்பாலுக்கும் பாட்டன் ஒருவனாகத்தான் இருக்கவேண்டும் என்று தொடங்கி, தேநீர் ஆறி ஆடை படரும்வரை விளக்கினார். நூறு வருடத்துக்கு முன்னால் ஏதோ ஒரு அமெரிக்கப் பட்டினத்தில் மழைக்குள் நடந்த ஆட்டத்தில் யார் எறிந்தான், யார் வழுக்கி விழுந்தான், யாருடைய தொப்பி பறந்தது என்பதெல்லாம் கண்ணால் கண்டவர் போலச் சொன்னார். நானும் வாயைப் பிளந்துகொண்டுதான் கேட்டேன். நல்லாகத்தான் கதைத்தார். அதை இல்லை என்று சொன்னால் என் நாக்கு அழுகிவிடும்.

அடுத்த நாள் எங்கள் பள்ளிக்கூடத்து மைதானத்துக்குப் போனோம். என்னிடம் முதலில் மட்டையைத் தந்தார். நான் அடித்த பந்து வேலியைத் தாண்டிப் போனது. “தகப்பன்ரை கை! மரியதாசின்ரை மகள் எண்டு எழுதி ஒட்டத் தேவையில்லை!” என்று கைகொட்டித் துள்ளினார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. பிறகு அப்பாவின் முறை. புளியமரத்துக்கு மேலால் அடித்த அந்த அடியை இன்னொருக்கால் தான் பார்க்கவேண்டும் என்று பேராசிரியர் பிடிவாதமாக நின்றார். அப்பா வீசினார், பந்து படவில்லை. திரும்பவும் வீசினார், மட்டைதான் கையைவிட்டுப் பறந்தது. பார்க்கவே கூச்சமாக இருந்தது.

பேராசிரியர் மெதுவாக நடந்து வந்து அப்பாவின் வலது தோளில் கையை வைத்தார். “முறிச்சுப்போட்டாங்களோ?” என்று கேட்டார்.

அப்பா நிலத்தைப் பார்த்துக்கொண்டு தலையாட்டினார். கிழவர் அந்தத் தோளில் முகத்தை வைத்து விம்மினார். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. அந்தத் தோளில் இருபது கிலோ அரிசி மூட்டையை வைத்துக்கொண்டு மூன்றாம் மாடிக்கு ஏறுகிறவர் என் அப்பா.

சனிக்கிழமை மத்தியானம் சாப்பாட்டுக்கு லில்லெஸ்ட்ரோம் மாமா வந்தார். அப்பாவோடு ஒன்றாகப் படித்தவர். ஒஸ்லோவுக்குப் பக்கத்தில், லில்லெஸ்ட்ரோமில் வீடு வாங்கியதால் நாங்கள் அவரை அப்படித்தான் கூப்பிடுவோம். வந்து உட்கார்ந்து, பேராசிரியர் அப்பாவை “மரியதாஸ்” என்று கூப்பிட்டதைக் கேட்டதும், வாயில் கொழுக்கட்டை வைத்தவர் போல ஆகிவிட்டார். ஒருமுறை, “சேர், இவன் வந்து…” என்று தொடங்கினார். அப்பா அவசரமாக எழும்பி, ஏற்கெனவே நிறைந்திருந்த அவருடைய சாப்பாட்டுக் கோப்பையில் இன்னும் ஒரு அகப்பை நண்டுக்கறியை ஊற்றினார்.

பேராசிரியர் விரலைச் சூப்பிக்கொண்டே கேட்டார். “மரியதாஸ், உன்னோடை ஒட்டிக்கொண்டு ஒரு மெல்லியவன் திரிஞ்சவன். அடிக்கத் தெரியாது, பந்து பொறுக்கிக் குடுக்கிறவன். அவன் இப்ப எங்கை?”

மாமா நிமிரவில்லை. அம்மா தண்ணீர் எடுக்கிற சாட்டில் குசினிக்குள் போய்விட்டார்.

“அவன் இல்லை சேர்” என்றார் அப்பா.

“செத்துப்போனானோ?”

“ஓம் சேர்.”

“ச்சா. பாவம். நல்ல பெடியன்.” பேராசிரியர் நெற்றியைத் தடவினார். “அவன்ரை பேர்தான் வருகுதில்லை.”

“அது பரவாயில்லை சேர்” என்றார் அப்பா. “இன்னும் கொஞ்சம் சோறு போடட்டே?”

நான் அம்மாவுக்குப் பின்னால் குசினிக்குப் போனேன். கை கழுவ வந்த லில்லெஸ்ட்ரோம் மாமா நான் நிற்பதைக் கவனிக்காமல் அம்மாவிடம் வெடித்தார்.

“உவனுக்கென்ன விசரே? மரியதாஸ் பந்துப் பயிற்சிக்கெண்டு சைக்கிளிலை வெளிக்கிட்டவன், பிறகு அவனை ஒருத்தரும் காணேல்லை. தாய் ஆமி முகாம் முகாமாத் திரிஞ்சு களைச்சுச் செத்தவ. அண்டைக்கு இவனும் கூடப் போயிருக்கவேணும். காய்ச்சலெண்டு நிண்டவன். இப்ப அவன்ரை பேரிலை விருந்து குடுக்கிறான்!”

“மெல்லக் கதையுங்கோ அண்ணை” என்றார் அம்மா. பிறகுதான் இருவரும் என்னைக் கண்டார்கள்.

அப்போது எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது என்று நினைத்தேன். புளியமரத்துக்கு மேலால் அடித்தவர் மரியதாஸ். பந்து பொறுக்கியவர் என் அப்பா. பேராசிரியர் கடல் தாண்டி வந்தது மரியதாசைப் பார்க்க. வேலியைத் தாண்டிய என் அடி கூட என் அப்பாவுக்குச் சேரவில்லை. செத்தவரின் பெயரைத் திருடி ஒரு கிழவரின் அன்பை வாங்குகிறாரே என்று அப்பாவின் மேல் எரிச்சல் வந்தது. பேராசிரியரின் மேல் அதைவிட எரிச்சல் வந்தது. எவனோ ஒரு வெள்ளைக்காரனின் தொப்பி பறந்தது நினைவில் இருக்கிறது. தன்னைத் தெய்வமாகக் கும்பிட்டவன், தன் முன்னால் நின்று சோறு போடுகிறவன், அவன் பெயர் நினைவில் இல்லை. அந்த மனிதரை எல்லாரும் இன்றைக்கும் அன்பான ஆசான் என்று புகழ்கிறார்கள். புகழட்டும். நான் மன்னிக்கவில்லை. இனி மன்னிக்கப்போவதும் இல்லை.

அடுத்த நாள் அவரை வழியனுப்ப விமான நிலையத்துக்குப் போனோம். உள்ளே போகும் வாசலில் நின்று அப்பாவின் முகத்தை இரண்டு கையாலும் பிடித்து, “இனி நான் நிம்மதியாச் சாவன் மரியதாஸ். நீ ஒருத்தன் தப்பினாய். எனக்கு அது காணும்” என்றார். அப்பா குனிந்து அவருடைய காலைத் தொட்டார். எங்கள் வீட்டில் யாரும் யாருடைய காலிலும் விழுவதில்லை. நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

திரும்பி வரும் ரயிலில் அம்மா கண்ணை மூடிக்கொண்டு இருந்தார். நான் அப்பாவுக்கு எதிரில் இருந்தேன். லில்லெஸ்ட்ரோம் வரைக்கும் பொறுத்துப் பார்த்தேன். அதற்கு மேல் முடியவில்லை.

“அவர் உங்களை விரும்பேல்லை அப்பா. மரியதாசைத்தான் விரும்பினவர்.”

“அது எனக்கு அப்பவே தெரியும் பிள்ளை.”

“அப்ப ஏன் உண்மையைச் சொல்லேல்லை? நான்தான் அந்த மெல்லியவன் எண்டு சொல்லியிருக்கலாம்தானே?”

அப்பா பத்து வயதுப் பிள்ளைக்குப் பதில் சொல்வது போல அல்லாமல், தன் வயது ஆளுக்குச் சொல்வது போலச் சொன்னார்.

“சொன்னால் அவர் மரியதாசை இன்னொருக்காச் சாகக் குடுக்கவேணும். பிறகு என்னைப் பாத்து, ‘அவன் போக, நீயோ தப்பினது?’ எண்டு நினைப்பார்.”

“சேர் அப்பிடி நினைக்கமாட்டார்” என்றேன் நான். அவர் மேல் அத்தனை கோபம் இருந்தும், அப்பாவைத் தேற்றுவதற்காக அவருக்காக வாதாடினேன். “ஒரு படிப்பிச்ச ஆள் அப்பிடி நினைக்கமாட்டார் அப்பா.”

அப்பா என் தலையைத் தடவிவிட்டு யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். நல்ல மறுமொழி சொல்லிவிட்டேன் என்று எனக்குத் திருப்தியாக இருந்தது. அப்படி நினைத்துக்கொண்டிருந்தவர் சேர் அல்ல என்பது எனக்கு அன்றைக்கு விளங்கவில்லை.