சளிதானே என்று இருந்துவிட்டேன்

கைக்குழந்தை இருக்கும் வீடுகளுக்காக இதை எழுதுகிறேன். போன ஜனவரியில், தெலுங்கு பேசும் பகுதியான மெட்டுகுடாவில் எங்கள் எட்டு மாதக் குழந்தை கவினுக்குச் சளி பிடித்தது. குளிருக்கு மூன்று சட்டைகள் போட்டுப் படுக்க வைத்தேன். மூன்றாம் நாள் காலை அவன் பால் குடிக்கவில்லை, அழவும் தெம்பில்லை. கணவர் வேலைக்குப் போயிருந்தார்.

வீடு வீடாக வரும் ஆஷா சுகாதாரப் பணியாளர் அப்போது வந்தார். கவினின் சட்டைகளைக் கழற்றினார். அவன் மூச்சு இழுக்கும்போதெல்லாம் விலாவுக்குக் கீழே குழி விழுந்தது.

“எப்போலேர்ந்தும்மா இப்படி?” என்று தெலுங்கில் கேட்டார்.

“தெரியலையே. நான் பாக்கவே இல்லையே.”

“உடனே ஆட்டோ பிடிங்க. நானும் வரேன்.”

ஆஸ்பத்திரியில் நிமோனியா என்றார்கள். ஐந்து நாள் கழித்துத்தான் அவன் முட்டி முட்டிப் பால் குடித்தான். அன்றுதான் அழுதேன்.

இப்போது அவனுக்குத் தும்மல் வந்தாலும் சட்டையைத் திறந்து, குழி விழுகிறதா என்று பார்த்து, மூச்சு வேகமாக இருக்கிறதா என்று ஒரு நிமிடம் எண்ணுகிறேன்.