அண்ணி விடைபெற விரும்பினார்

சனிக்கிழமை காலை ஒன்பது பத்து. ஈஜோக் ஊரில் அண்ணி வீட்டு வாசலில் முதலில் கண்ணில் பட்டவை செருப்புகள், பதினொரு ஜோடி. எண்ணிப் பார்ப்பது பத்திரிகை வேலையில் ஒட்டிக்கொண்ட பழக்கம். உள்ளே பாஸ்டர் அண்ணியின் நெற்றியில் கை வைத்து, வயிற்றில் இருந்த கட்டியை வெளியே போகும்படி கட்டளையிட்டுக்கொண்டிருந்தார். சுற்றி நின்றவர்கள் கண்களை மூடியிருந்தார்கள். அண்ணி மூடவில்லை. அவர்களுடைய தோள்களுக்கு நடுவே என்னைப் பார்த்து, அங்கே நாற்காலி இருக்கிறது, உட்காருங்கள் என்று கண்ணாலேயே காட்டினார்.

எங்கள் குடும்பம் கோயிலுக்குப் போகும் குடும்பம். அண்ணன் மட்டும் அண்ணியை மணந்த பிறகு சர்ச்சுக்குப் போனார். அவர் இறந்து பல ஆண்டுகள் ஆகியும் அந்த வீட்டுக்கு நான் போய்வருவது நிற்கவில்லை. அண்ணி செம்பனைத் தோட்டத்துக் கிளினிக்கில் இருபது வருடம் வேலை பார்த்தவர். தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில் யார் இறந்தாலும் குளிப்பாட்ட அவரைத்தான் கூப்பிடுவார்கள். அதனால், டாக்டர் சுற்றி வளைத்துப் பேசியபோது, "எத்தன வாரம், டாக்டர்?" என்று அவரே குறுக்கிட்டார். பதிலைக் கேட்டு நன்றி சொல்லி எழுந்தார்.

ஆண்டவரிடம் போகிறேன், உங்கள் அண்ணனும் அங்கே இருப்பார் என்பதை, மறுநாள் பஸ் ஏறப்போகிறவரைப் போலச் சாதாரணமாகச் சொல்வார். எனக்கு அந்த நம்பிக்கை கிடையாது. அவருக்கு இருந்தது, உறுதியாக இருந்தது. அதோடு நிம்மதியாகப் போக யாரும் அவரை விடவில்லை என்பதுதான் என் எரிச்சல்.

அன்று கூட்டம் கலைந்ததும் அண்ணி சொன்னார்: "முப்பது வருசமா ஆண்டவர் வீட்டுக்குப் போவணும்னு பாட்டு பாடுனோம். இப்ப டிக்கெட் வந்துருச்சு, தம்பி. எல்லாரும் சேந்து கேன்சல் பண்ணச் சொல்லி ஜெபம் பண்றாங்க."

நான் சிரித்துவிட்டேன். அடுக்களை வாசலில் நின்ற அண்ணியின் மகன் சிரிக்கவில்லை. "மரணத்த வாயால அறிக்கை பண்ணாதீங்கம்மா, சொன்னா அப்படியே ஆயிரும்," என்றான். ரவாங் தொழிற்சாலையில் சூப்பர்வைசர். ஒரே பிள்ளை.

அண்ணி கேட்டது ஒன்றுதான். அவன் ஒரு மணி நேரம் பக்கத்தில் உட்கார வேண்டும். தான் போகப்போவதை அவர் சொல்ல, அவன் கேட்டுக்கொள்ள வேண்டும். அந்த வாரம் மூன்று முறை முயன்றார். ஒருமுறை அவன் ஜெபப் பாட்டைச் சத்தமாக வைத்தான். ஒருமுறை கார் கழுவப் போய்விட்டான். மூன்றாவது முறை, "நான் போனதுக்கப்புறம்" என்று அவர் தொடங்கியதும், தாயின் வாயை மெதுவாகக் கையால் பொத்தினான்.

புதன்கிழமை மாலை அவனை வாசலில் நிறுத்தினேன்.

"சித்தப்பா, நீங்க கோயிலுக்குப் போற ஆளு. ஒங்களுக்கு இது வெளங்காது."

"எனக்கு வெளங்க வேணாம்பா. நீ பக்கத்துல ஒக்காரு, போதும்."

"ஒக்காந்தா அம்மா போறத ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிரும்."

அவன் அன்பில்லாதவனாக இருந்திருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம்.

மறுநாள் பத்தாங் காலி ஊரில் உபவாச ஜெபம், அண்ணியின் சுகத்துக்காக. "இன்னிக்கிப் போகாதய்யா," என்றார் அண்ணி. "ஒங்களுக்காகத்தாம்மா போறேன்," என்று நெற்றியில் முத்தமிட்டு வேனில் ஏறினான்.

மதியம் மூச்சு மாறியது. அது என்னவென்று அண்ணிக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். அவனுக்கு மூன்று முறை போன் செய்தேன், அணைத்து வைத்திருந்தான். நோட்டை எடுத்தேன். "சொல்லுங்க அண்ணி, எழுதி அவன்கிட்ட குடுத்துர்றேன்."

"இது என்ன பேப்பர் நியூஸா, தம்பி? வேணாம். அவனே கேக்கட்டும்." நோட்டை மூடினேன். "எனக்குப் பயம் இல்ல. அவன்தான் பயப்படுறான். திட்டாதீங்க," என்றார். உதட்டை நனைக்கச் சொன்னார். மூன்று இருபதுக்கு மூச்சு நின்றது. முகம் சுளிக்கவில்லை.

வேன் வந்தபோது நாலு ஐம்பது. அவன்தான் முதலில் இறங்கினான், கையில் ஜெபித்துக் கொடுத்த எண்ணெய்ச் சீசாவோடு. நான் திட்டவில்லை. திட்டாததால் கோபம் போய்விடவுமில்லை.

இப்போதும் சனிக்கிழமைகளில் ஈஜோக்குக்குப் போகிறேன். அவன் தேநீர் கலக்கித் தருவான். வேலை, மழை, செம்பனை விலை பற்றிப் பேசுவோம். அம்மா கடைசியாக என்ன சொன்னார் என்று அவன் இதுவரை கேட்டதில்லை.