நாலாவது டிராக்கும் முன் வீல் பேரிங்கும்

போன ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூருக்கு ஒரு கல்யாண ரிசப்ஷனுக்குக் கிளம்பினோம். கார் தங்கராசுவுடையது. ஸ்பின்னிங் மில்லில் ஃபிட்டர். என் பழைய ஷிஃப்ட் தோழன். பின் சீட்டில் அவன் மகள் ஸ்டெல்லா, பியானோ வாசிக்கிறவள்.

கிளம்பிய உடனே எனக்குக் கவலைகள் வரிசை கட்டின. வீட்டில் கேஸை மூடினேனா? பின் டயரில் காற்று இருக்கிறதா? எல்லாவற்றையும்விடப் பெரிய கவலை... ஸ்டெல்லாவின் ஆல்பம்.

ஜாஸும் ஃபங்க்கும் கலந்த இசை. பாடுகிறவர் யாரும் கிடையாது. அன்று ராத்திரி நெட்டில் ஏற்ற வேண்டும். அப்பாவுக்கு இன்னும் போட்டுக் காட்டவே இல்லை! காலையில் எனக்கு ஃபோன் பண்ணியிருந்தாள்.

"பயமா இருக்கு மாமா. நாலாவது டிராக் நொண்டுதுன்னு கூட வாசிக்கிறவங்களே சொல்றாங்க. நேராக்கிறலாமான்னு யோசிக்கேன். அப்பா என்ன சொல்லுதாவன்னு பாத்துட்டு..."

கார் ஊரைத் தாண்டியதும் ஸ்டெல்லா ஆல்பம் பேச்சை எடுத்தாள். "போடு, கேப்போம்" என்றான் தங்கராசு, ரோட்டைப் பார்த்தபடியே.

முதல் பாட்டிலேயே என்னால் உட்கார முடியவில்லை. நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். ஜாஸ் என்றால் என்னவென்று விளக்கத் தெரியாது. காது இருக்கிறதே! பாஸ் கிட்டார் வயிற்றுக்குள் நடக்கிறது. ஸ்டெல்லாவின் இடது கை அதோடு ஒட்டிக்கொண்டு ஒரே இடத்தில் குத்துகிறது. வலது கையோ, பஸ் வருமா வராதா என்று ஸ்டாப்பில் தவிக்கிறவன் மாதிரி — இங்கே எட்டிப் பார்க்கிறது, அங்கே ஓடுகிறது, உட்காரவே மாட்டேன் என்கிறது. அட, இது என் மனசல்லவா! எனக்கு வந்தால் படபடப்பு, அவளுக்கு வந்தால் இசையா?

நாலாவது பாட்டு தொடங்கியது. ஒவ்வொரு சுற்று முடியும்போதும் ஒரு தட்டு குறைகிறது. இருட்டில் கால் வைத்த இடத்தில் படி இல்லாத மாதிரி. பியானோவின் அடித்தந்தி ஒன்றைக் கையால் அமுக்கிக்கொண்டு வாசித்திருக்கிறாள். கட... கட... கட்.

தங்கராசுவின் தலை ஒரு பக்கம் சாய்ந்தது. மம்சாபுரத்துக்கு ரோடு பிரிகிற விலக்குக்குப் பக்கத்தில் காரை ஓரம் கட்டினான். இஞ்சினை அணைத்தான். இறங்கினான்.

"ஏலே, என்னல ஆச்சு?" எனக்கு வியர்த்துவிட்டது.

"முன் வீல் பேரிங் போச்சு. சத்தம் கேக்கலையா ஒனக்கு? மில்லுல அம்புட்டு வருசம் என்னத்தக் கிழிச்ச?"

சக்கரத்துக்குப் பக்கத்தில் குத்தவைத்துக் காதைக் கொடுத்தான். கார் நிற்கிறது. சக்கரம் நிற்கிறது. சத்தம் மட்டும் நிற்கவில்லை. ஸ்டீரியோவை நேராக பேட்டரியில் இழுத்து மாட்டியவன் அவன்தான். இஞ்சின் அணைந்தாலும் அது பாட்டுக்கு ஓடும். கட... கட... கட்.

மெல்ல எழுந்து, ஜன்னல் வழியே மகளைப் பார்த்தான். அவள் முகத்தில் ஈயாடவில்லை.

"உள்ள இருந்தா வருது?"

"ஆமாப்பா."

"நீயா பண்ணுன?"

"ஆமா... நேராக்கிறவா? ராத்திரிக்குள்ள மாத்திறலாம்."

அவன் கதவில் கையை ஊன்றியபடி, பாட்டு முடிகிறவரை ரோட்டிலேயே நின்று கேட்டான். லாரிகள் ஹாரன் அடித்துக்கொண்டு உரசிப் போகின்றன. எனக்கு உயிரே இல்லை. இவன் ஒரு வார்த்தை பிசகிச் சொன்னால், அந்தப் பெண் அதை இழைத்துத் தேய்த்து ஊரில் ஓடுகிற ஆயிரம் பாட்டில் ஒன்றாக ஆக்கிவிடுவாளே! நாம் எல்லாருமே அப்படித்தான். கொஞ்சம் நொண்டினால் போதும், உடனே நேராக்கத் துடிக்கிறோம்.

"ஏட்டி," என்றான் கடைசியில். "ஒவ்வொரு சுத்துக்கும் அதே எடத்துலதான சத்தம் வருது?"

"ஆமாப்பா."

"கெட்ட பேரிங்குன்னா சத்தம் போகப் போக மாறும். இது மாறல. கை வச்சிராத."

அவ்வளவுதான். ஏறி உட்கார்ந்து சாவியைப் போட்டான். "செத்த நேரம் முன்னாடி போனத மறுபடி போடு" என்றான். ஸ்டெல்லா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். துப்பட்டா கண்ணுக்குப் போனது.

ஆல்பம் வந்துவிட்டது. நாலாவது டிராக் அப்படியே இருக்கிறது. கேட்டுப் பாருங்கள் — வண்டி ஓட்டும்போது மட்டும் வேண்டாம்!